பழைய ஜெட் ஸ்கீ: பேரத்துக்கு முன் ஒரு பாடம்

கடற்கரையில் சில நிமிடச் சவாரிக்குப் பணம் கொடுத்துக் கொடுத்து அலுத்தவருக்கு ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடுகிறது: சொந்தமாகவே ஒன்று வாங்கினால் என்ன? புதியதன் விலையோ கார் விலை. கண் பழைய வண்டியின் மேல் விழுகிறது. பளபளக்கும் பெயின்ட், புது சீட் உறை, "தொட்டால் கிளம்பும்" என்ற உத்தரவாதம். பேரம் படிந்துவிடுகிறது. சிக்கல் தண்ணீரில் இறங்கிய பிறகுதான்.

ஜெட் ஸ்கீ என்பது உண்மையில் கவாசாகி 1973இல் சந்தைக்குக் கொண்டுவந்த வண்டியின் பெயர். யமஹாவின் வேவ்ரன்னர், பாம்பார்டியரின் சீ-டூ என்று மற்றவை இருந்தாலும் பொதுஜனத்துக்கு எல்லாமே ஜெட் ஸ்கீதான். வேலை செய்யும் விதமும் ஒன்றே. அடிப்பகுதி வழியாக உறிஞ்சப்படும் தண்ணீரை, குழாய்க்குள் சுழலும் இம்பெல்லர் பின்பக்கம் பீய்ச்சியடிக்கிறது. ஹேண்டிலைத் திருப்பினால் திரும்புவது அந்தக் குழாயின் முனை மட்டுமே. படகில் இருப்பது போன்ற சுக்கான் கிடையாது.

புதியவரின் உயிர் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. த்ராட்டிலை விட்டால் நீர்ப்பாய்ச்சல் நிற்கும். அதோடு திரும்பும் சக்தியும் போய்விடும். எதிரே படகோ நீந்துபவரோ தெரிந்தால், ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய கை முதலில் த்ராட்டிலை விடுகிறது, பிறகு ஹேண்டிலை ஒடிக்கிறது. வண்டி எதையும் சட்டை செய்யாமல் நேரே போய் மோதுகிறது. மூன்று பேர் அமரும் வண்டியின் எடை 350 கிலோவைத் தொடும். சீ-டூ 2009இலும் யமஹா 2015 மாடல்களிலும் பிரேக் கொடுக்க ஆரம்பித்தன. மலிவாகக் கிடைக்கும் பழைய வண்டிகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

எனவே முதல் நாள் வேலை வேகம் பார்ப்பது அல்ல. ஆளோ படகோ இல்லாத அமைதியான நீரில் ஒரு காலி பிளாஸ்டிக் கேனை மிதக்கவிட்டு, அதை நோக்கிச் சென்று, த்ராட்டிலை விடாமல் விலகப் பழக வேண்டும். கை தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்ப.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்ப்பதில் பயனில்லை. சீட்டைத் தூக்கினால் கதை தெரியும்: உப்பு பூத்திருக்கிறதா, அடியில் எண்ணெய் கலந்த தண்ணீர் நிற்கிறதா? எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்பக்கக் குழாய்க்குள் டார்ச் அடித்தால் இம்பெல்லர் இதழ்கள் கண்ணில் படும். விளிம்பு சிதைந்திருந்தாலோ, இதழுக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடைவெளி அதிகமாக இருந்தாலோ, எஞ்சின் அலறும், வண்டி நகராது. டூ-ஸ்ட்ரோக் என்றால் மெக்கானிக்கைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்ப்பது அவசியம். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் ஒதுங்கிவிடலாம். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால், எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கரையில் உறுமிக் காட்டுவது சோதனை ஆகாது. தண்ணீரில் ஆளை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் அந்த நொடியே நிற்க வேண்டும். ஓட்டுபவர் விழும்போது வண்டியை நிறுத்தப்போவது அந்தக் கயிறுதான்.

பராமரிப்பில் வரிசை முக்கியம். கடலில் ஓடிய வண்டியை நல்ல தண்ணீரால் கழுவும்போது எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்து, பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாய், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் புகைபோக்கி வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்துவதற்கும் ஒரு திசை உண்டு. பின்பக்க ஸ்டிக்கரில் அம்புக்குறி இருக்கும். எஞ்சினைக் கிளப்பும் முன் சீட்டைத் திறந்து பெட்ரோல் ஆவியை வெளியேற்றுவதும் நல்ல பழக்கம்.

காகிதங்களை மறக்கக் கூடாது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவையும் இன்ஷூரன்ஸையும் வலியுறுத்துகிறது. கோவாவில் கலங்களைப் பதிவு செய்வது துறைமுகத் தலைவர் அலுவலகம். மழை மாதங்களில் அங்கே நீர் விளையாட்டுகளும் நின்றுவிடும். விற்பவர் பெயரில் பதிவு இருக்கிறதா, வண்டியின் உடலில் பொறித்த எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகே முன்பணம். எந்த நீர்ப்பரப்பில் ஓட்ட அனுமதி உண்டு என்பதையும் உள்ளூரில் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் பிறகு பட்ஜெட்டில் கொஞ்சம் மீதம் வைத்திருக்க வேண்டும்: அளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று, அனுபவமுள்ள ஒருவரிடம் இரண்டு நாள் பயிற்சி. தண்ணீரில் ஓட்டிப் பார்க்க விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவதே லாபம்.