கேட்டலும் கீழ்ப்படிதலும்

சென்ற மாதம் எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் கீழ்ப்படிதலைப் பற்றியது. தேவனுக்குக் கீழ்ப்படிதல் என்று தொடங்கி, தேவன் நியமித்தவர்களுக்குக் கீழ்ப்படிதல் என்று நகர்ந்து, இறுதியில் சபைக் கமிட்டியாருக்குக் கீழ்ப்படிதலில் வந்து நின்றது. முந்தின வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து அசனப் பண்டிகைக் கணக்கையும் கைப்பிடி அரிசிக் கணக்கையும் கேட்டிருந்தார். அதை அறிந்தவர்களுக்குப் பிரசங்கத்தின் உள்ளுறை விளங்கியிருக்கும். (உள்ளுறை சங்கப் பாடல்களோடு முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?)

தமிழ் கற்பிப்பவன் என்பதால் அந்தச் சொல்லே என்னை உறுத்தியது. கீழ்ப்படிதல் என்னும் சொல்லில் மேல், கீழ் என்னும் அடுக்கு உள்ளது. ஒருவர் நிற்க மற்றவர் தாழ்கிறார். பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தில் இப்பொருளைப் பெரும்பாலும் சுமப்பது 'ஷாமா' என்னும் வினை. அதன் முதற்பொருள் கேட்டல். பலியைவிட மேலானது என்று சவுல் அரசனிடம் சாமுவேல் இடித்துரைப்பதும் இந்தக் கேட்டலைத்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்குள்ளும் கேட்டல் என்னும் வேரே கிடக்கிறது. தமிழுக்கு இது அந்நியமா? 'சொன்ன பேச்சைக் கேள்' என்று பிள்ளையை அதட்டும் தாய் காதின் வேலையை மட்டுமா கருதுகிறாள்? 1871இல் முழுமையாக வெளிவந்து, இன்றும் சீர்திருத்தச் சபையார் பலரின் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'செவிகொடுத்தல்' பல இடங்களில் வருகிறது. 1995இல் வந்த திருவிவிலியம் ஜெபத்தை இறைவேண்டல் என்றும் இரட்சிப்பை மீட்பு என்றும் மாற்றியது. கீழ்ப்படிதல் அதிலும் தொடர்கிறது. மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை கூறவில்லை. இரு சொற்கள் கையில் இருக்க, பிரசங்க பீடம் எதை விரும்பி எடுத்துக்கொள்கிறது என்பதே என் கேள்வி.

ஞாயிறு பள்ளியில் படித்த எவருக்கும் முழந்தாளிட்டுக் கைகூப்பிய சிறுவன் சாமுவேலின் படம் நினைவிருக்கும். சீலோவின் ஆலயத்தில் இரவில் அழைக்கும் குரல் கேட்டு மும்முறை ஆசாரியன் ஏலியிடம் ஓடுகிறான். அழைப்பவர் யார் என்று ஏலி உணர்ந்து, விடை சொல்லும் விதத்தைக் கற்பிக்கிறார். எங்களுக்குப் பாடம் அங்கே முடிந்தது. ஒரு பாட்டும் பாடிவிட்டு வீட்டுக்குப் போனோம். அச்சிறுவன் அன்றிரவு எதைக் கேட்டான் என்பதை எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. அவன் கேட்டது ஏலியின் குடும்பத்தின் மீதான தீர்ப்பு. ஏலியின் மக்கள் காணிக்கை இறைச்சியை முறைகேடாகப் பறித்துத் தின்றார்கள். தந்தை அவர்களை அடக்கவில்லை. விடிந்ததும் சொல்ல அஞ்சிய சிறுவனை ஏலியே வற்புறுத்துகிறார். அவனும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். ஏலி சினக்கவில்லை, அவனை வெளியேற்றவுமில்லை. அந்த முதியவர்மீது எனக்கு மதிப்புக் கூடியது இந்த இடத்தில்தான்.

என் தாயார் நாள்தோறும் உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார். ஞாயிறன்று அது கோவிலுக்குப் போகும். தந்தைக்கு வேலையில்லாத ஆண்டில், இரவில் கஞ்சி மட்டுமே இருந்த நாட்களிலும் அந்தக் கை நின்றதில்லை. சிறுவனாகிய நான் பசியோடு பானையைப் பார்த்துக் கேட்டபோது, "அது நம்ம அரிசி இல்லடா" என்றார். அவரை அதட்டவோ கண்காணிக்கவோ அடுப்படியில் எவரும் இல்லை. எதையோ கேட்டிருந்தார், கேட்டபடி செய்தார். வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்த அவருக்கு எபிரேயம் தெரியாது.

ஆசிரியர் கணக்கு கேட்டது இத்தகைய பெண்களின் அரிசிக்கு. தமிழில் செவியால் கேட்பதும் வாய்திறந்து கேட்பதும் ஒரே சொல் என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறவன் நான். அன்று அவர் தனியாக நின்றபோது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் நடந்த ஞாயிறும் அவர் வந்திருந்தார். வழக்கமான பெஞ்சில், கண்ணாடியைத் துடைத்தபடி. ஆராதனை முடிந்ததும் அவரருகே போய் நின்றேன். அடுத்த சபைக் கூட்டத்தில் கொடுப்பதற்காக ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். அதில் அவருடைய கையெழுத்துக்குக் கீழே என்னுடையதையும் போட்டேன்.