வெட்டியது யார்?

பிள்ளைகளே! நன்றாக இருந்த ரோஜாச் செடியில் ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடித் தொங்கினால் என்ன சொல்வீர்கள்? "யார் இதை வெட்டினது?" என்றுதானே கேட்பீர்கள்? நானும் அப்படித்தான் கேட்டேன். அதில்தான் பெரிய தவறு செய்துவிட்டேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். எங்கள் பள்ளி வாசலில் நாலைந்து ரோஜாச் செடிகளும், ஒரு காகிதப்பூச் செடியும் இருந்தன. ஒருநாள் காலை ரோஜாவின் இரண்டு கிளைகள் வாடிக் கிடந்தன. அருகே போய்ப் பார்த்தால், சுற்றிலும் அறுத்த தடம். என் வகுப்பு மாணவன் ஒருவன் பென்சில் சீவ எப்போதும் பிளேடு வைத்திருப்பான். பிளேடைப் பிடுங்கிக்கொண்டு, அவனை வெயிலில் நிற்க வைத்தேன். "நான் வெட்டலை சார்" என்று அழுதான். நான் நம்பவில்லை.

மறுநாள் காலை காகிதப்பூக் கிளையும் அறுபட்டிருந்தது. பிளேடோ என் மேஜை டிராயரில் இருந்தது!

அன்றிரவு பள்ளிக் காவலாளி டார்ச் அடித்துத் தேடி, ஒரு வண்டைப் பிடித்து டப்பாவில் போட்டு வைத்தார். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். தலையில் நீண்ட உணர்கொம்புகள். முதுகின் நடுவே வெள்ளைப் புள்ளி. பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. இரவில்தான் அதற்கு வேலை.

அறிவியலார் இதை 'ஸ்தீனியாஸ் கிரைசேட்டர்' என்கிறார்கள். ரோஜா, காகிதப்பூ மட்டுமல்ல. திராட்சைக் கொடியையும் இது விட்டு வைப்பதில்லை. கொடி அறுபட்டால் அதில் காய்க்க வேண்டிய குலைகளும் போயின. விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம்!

ஏன் அறுக்கிறது தெரியுமா? எல்லாம் தன் பிள்ளைகளுக்காகத்தான். இதன் புழு காய்ந்து வரும் கட்டைக்குள் வளரும். அதனால் தாய் வண்டு கிளையைச் சுற்றிப் பட்டையையும் கட்டையையும் கடித்து வளையம் போடுகிறது. வளையத்துக்கு மேலே உள்ள பகுதி வாடிக் காயும். அங்கே பட்டைக்கு அடியில் முட்டையிடும். புழு வெளிவந்து, கட்டையைக் குடைந்து தின்று, உள்ளேயே வளர்ந்து வண்டாகும்.

இனி நீங்களே துப்பறியலாம். ஆடு கடித்திருந்தால் இலையும் நுனியும் காணாமல் போயிருக்கும். கையால் ஒடித்திருந்தால் நார் நாராகப் பிய்ந்திருக்கும். கத்தி பட்டிருந்தால் ஒரு பக்கமாக வெட்டு விழுந்திருக்கும். கிளையைச் சுற்றி முழு வளையமாகக் கொறித்திருந்தால், வளையத்துக்கு மேலே வாடி, கீழே பசுமையாக இருந்தால், அது வண்டின் வேலை. சிறு துளையும் மரத்தூளும் மட்டும் தெரிந்தால், அது கிளைக்குள் துளையிடும் வேறு பூச்சி.

கண்டுபிடித்ததும் பூச்சிமருந்து வாங்க ஓடாதீர்கள். இலைமேல் தெளிக்கும் மருந்து கட்டைக்குள் இருக்கும் புழுவை எட்டுவது கடினம். பூவுக்கு வரும் தேனீதான் சாகும். அறுபட்ட கிளையை வளையத்துக்குக் கீழே வெட்டி எடுத்து, பெரியவர்களிடம் கொடுத்து எரிக்கச் சொல்லுங்கள். வேலி ஓரம் வீசி எறிந்தால், அதிலிருந்தே புது வண்டு கிளம்பி வரும்.

ஒவ்வொரு பள்ளித் தோட்டத்துக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு நோட்டும் வேண்டும் என்பது என் கருத்து. எந்தச் செடி, எந்தத் தேதி, என்ன தடம் என்று பார்த்து எழுதுங்கள். முதலில் பார்க்க வேண்டும். பிறகுதான் சொல்ல வேண்டும். "பூச்சிக்கு ஆறு கால்" என்று வருடா வருடம் பாடம் நடத்திய நான், குனிந்து ஒரு கிளையைச் சரியாகப் பார்க்கவில்லையே!

அடுத்த நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிளேடைத் திருப்பிக் கொடுக்கவில்லை; புது ஷார்ப்னர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, "அந்த வண்டைக் காட்டுங்க சார்" என்றான்.