ஸ்தல ஸ்தாபனமும் கட்சியும்

“சாக்கடைக்கும் குப்பைக்கும் கட்சி எதற்கு? கட்சி சாராத யோக்கியர்கள் கார்ப்பரேஷனுக்கு வந்தால் போதாதா?” என்று மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் படித்த கனவான்கள் சிலர் பேசி வருகிறார்கள். கேட்பதற்கு இது மிக நியாயம் போலவே தோன்றும். தோன்றுவதையெல்லாம் நம்புவதென்றால் நமக்குப் பகுத்தறிவு எதற்கு? அனுபவத்தைக் கொண்டு இதைச் சற்று யோசிப்போம்.

சாக்கடைக்குக் கட்சி இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் இருக்கிற பணத்தில் முதலில் வடிகால் லஸ் பக்கத்து வீதிக்கா, நொச்சிக்குப்பத்துக்கா என்று தீர்மானிப்பது அரசியலே அல்லாமல் வேறென்ன?

தமிழ்நாட்டில் கட்சியில்லாத் தேர்தல் புதிதுமல்ல. கிராமப் பஞ்சாயத்துத் தலைவரும் வார்டு மெம்பர்களும் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அப்படியானால் அங்கே யோக்கியம் தாண்டவமாட வேண்டுமே! நடந்தது என்ன? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே காரணத்தால், 1996 முதல் 2006 வரை ஒழுங்கான தேர்தலே நடக்கவொட்டாமல் ஜாதிக்காரர்கள் தடுத்தார்கள். மேலவளவில் நின்று ஜெயித்த தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30இல் வெட்டியே கொன்றார்கள். ஓட்டுச் சீட்டில் கட்சி இல்லை. ஊரில் ஜாதி இருந்தது. கட்சிச் சின்னம் இருந்திருந்தால் இவை நடந்திரா என்று நாம் சொல்ல வரவில்லை. கட்சியை விலக்கினால் யோக்கியம் தானாக வந்துவிடும் என்பது புரட்டு என்றே சொல்லுகிறோம். கட்சியைக் கொடி பார்த்து அறியலாம், மேடையில் கேள்வி கேட்கலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். முகமூடி போட்டு வரும் ஜாதியை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

நிற்க, கட்சிக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குவது நமது வேலையல்ல. கூலியாட்களின் வருகைப் பதிவேட்டில் நடந்த ஊழல் கிளம்பி, சென்னை கார்ப்பரேஷன் சபை 1973இல் கலைக்கப்பட்டது. மறு தேர்தல் நடந்ததோ 1996இல்! திருடனைப் பிடிக்கச் சொன்னால் வீட்டுக்காரனின் சாவியைப் பிடுங்கிக் கொள்வதா? 2016 முதல் 2022 வரையிலும் சபை கிடையாது, உத்தியோகஸ்தர் ஆட்சிதான். கனவான்கள் கேட்கும் கட்சியற்ற நிர்வாகம் அதைவிட வேறு எப்படி இருக்கும்? 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் வீதிகளில் வெள்ளம் நின்றபோது, ஏன் என்று கேட்க வார்டுக்கு ஒரு மெம்பர் இருக்கவில்லை.

பிறகு 2022 பிப்ரவரி 19இல் 200 வார்டுகளுக்கும் தேர்தல் வந்தது. அன்று சென்னையில் ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு 45 பேருக்கும் குறைவு. கட்சிகள் கெட்டுவிட்டன என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தக் கட்சியைத் திருத்தினார்கள்?

தோழர்களே! நோய் கட்சியில் இல்லை. கேள்வி கேளாமையில் இருக்கிறது. கட்சி தன் பெயரோடு பகிரங்கமாக நிற்கட்டும். ஜெயித்த மெம்பர் வார்டு ஜனங்களின் முன் வந்து கணக்குச் சொல்லட்டும். அதற்கென்று சட்டத்தில் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் இருக்கின்றன. அங்கே போய், உங்கள் தெரு வடிகாலுக்கு எவ்வளவு செலவாயிற்று, தண்ணீர் ஏன் வடியவில்லை என்று கேளுங்கள். மெம்பர் உங்கள் ஜாதிக்காரராகவோ, உங்கள் கட்சிக்காரராகவோ இருந்தால் இரண்டு கேள்வி அதிகமாகவே கேளுங்கள். ஸ்தல ஸ்தாபனம் யோக்கியமாவதற்கு வேறு வழியில்லை என்பதே நமது அபிப்பிராயம்.