கல் கொட்டினால் கரை வருமா?

கடல் அரிக்கிறதா, லாரி லாரியாகக் கல்லைக் கொட்டு: நம் அரசுகளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இது. கல் நிற்கும், மணல் நிற்காது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வந்தாலும், ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் எழுந்தால் தெற்கே மணல் குவியும்; வடக்கே கரை பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகம் மெரினாவை அகலமாக்கியதும் ராயபுரம் பக்கத்துக் கரையைத் தின்றதும் இப்படித்தான். (மெரினாவில் சுண்டல் தின்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.)

புதுச்சேரி இன்னும் மோசம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் வந்தன. தெற்கே தேங்கும் மணலை இறைத்து வடக்கே விட வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே இருந்தது. சுவர் கட்டினார்கள், மணல் இறைப்பது ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்துக் கடற்கரை போய்க் கருங்கல் மிஞ்சியது. அரிப்போ வடக்கே மீனவக் குப்பங்களுக்கு நகர்ந்தது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு அருகே நீருக்கடியில் தடுப்பு அமைத்து, மணலும் கொட்டிய பின்தான் கொஞ்சம் கரை திரும்பியது. மணல் இறைப்பதை ஒழுங்காகச் செய்கிற இடமும் உண்டு: ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வழியே மணலைத் தாண்டவிடுகிறார்கள். அதை அன்றாடப் பராமரிப்பாகவே நடத்துகிறார்கள். இனி எந்தத் துறைமுகத்துக்கு அனுமதி கொடுத்தாலும், மணல் இறைக்கும் செலவை ஆண்டுதோறும் கட்டுவது யார் என்று முதலில் எழுதி வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அனுமதியும் வேண்டாம்.