சார், நீங்களுமா கேம் ஆடுறீங்க?



'மாஸ் எஃபெக்ட்' ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று போன வாரம் இரண்டு வரி போட்டதற்கு, மேலே தலைப்பில் உள்ள கேள்வியை ஒரு கூட்டமே கேட்டுவிட்டது. ஆமாம், நானும்தான். பேரன் ஏற்றிக் கொடுத்தான். ஆடி முடித்துவிட்டேன். புத்தகம் படித்தால் கருத்து சொல்வதில்லையா, அதுபோல இதற்கும் சொல்கிறேன்.

கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வந்த விளையாட்டு இது. விண்வெளிக் கதை. பாதி சுடுவது, பாதி பேசுவது. நாம் ஷெப்பர்ட் என்ற தளபதி. ஆணா பெண்ணா, எங்கே பிறந்தவர், முன்பு என்ன செய்தவர் என்பதெல்லாம் நம் விருப்பம்.

என்னைப் போன்ற இயற்பியல் ஆசிரியரை முதலில் பிடித்து உட்கார வைத்தது அதற்குள் இருக்கும் கலைக்களஞ்சியம். நம் கப்பல் நார்மண்டி எதிரியின் கண்ணில் படாமல் எப்படிப் போகிறது? வெற்றிடத்தில் வெப்பம் கடத்தலாலும் சலனத்தாலும் வெளியேறாது, கதிர்வீச்சால் மட்டும்தான் வெளியேறும். வகுப்பில் நடத்தியது நினைவிருக்கிறதா? அந்தக் கதிர்வீச்சுதான் கப்பலைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே நார்மண்டி வெப்பத்தை வெளியே விடாமல் உள்ளேயே சேமிக்கிறது. சில மணி நேரம்தான் தாங்கும், அதற்குமேல் போனால் உள்ளே இருப்பவர்கள் வெந்துவிடுவார்கள். துப்பாக்கியிலும் இதே கணக்கு. குண்டு தீராது, சூடுதான் ஏறும். விடாமல் சுட்டால் துப்பாக்கி சிறிது நேரம் நின்றுவிடும். பொருளின் நிறையையே மின்சாரத்தால் கூட்டிக் குறைக்கலாம் என்பது மட்டும் சுத்தக் கற்பனை. அந்த ஒரு பொய்யை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக அதன் பின்னால் வருகிறது.

குறை நிறைய. எதிரிகளை விட லிஃப்ட்தான் என்னை அதிகம் சோதித்தது. சிடடெல் என்ற விண்நகரத்தில் ஒரு மாடி ஏறுவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். மாக்கோ என்ற ஆறு சக்கர வண்டி மலையில் ஏறும்போது ரப்பர் பந்து மாதிரி குதிக்கிறது. பக்கக் கதைகளுக்காக இறங்கும் கிரகங்களில் ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள். உள்ளே பெட்டிகள் மட்டும் இடம் மாறியிருக்கும். பையில் 150 சாமான் சேர்ந்துவிட்டால் உட்கார்ந்து குப்பை பொறுக்க வேண்டும். 2021-இல் வந்த புதுப்பித்த தொகுப்பில் லிஃப்டையும் வண்டியையும் கொஞ்சம் சரிசெய்திருக்கிறார்கள். நான் ஆடியது பழையது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்தியது வேறு. நல்லதனமாகப் பேசினால் நீல மதிப்பெண், முரட்டுத்தனமாகப் பேசினால் சிவப்பு மதிப்பெண். இரண்டு மூன்று மணி நேரத்தில் பேரன் பதிலைப் படிப்பதையே விட்டுவிட்டான். மேலே இருப்பது நல்ல பதில் என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அதையே அழுத்துகிறான். மதிப்பெண் போட்ட உடனே யோசனை நின்றுபோவதை நான் வேலை பார்த்த காலமெல்லாம் பார்த்தவன்.

(ஆடப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

விர்மைர் என்ற கிரகத்தில் கதை நிமிர்ந்து உட்காருகிறது. க்ரோகன் என்ற இனத்துக்கு, ஆயிரத்தில் ஒரு கரு மட்டும் பிழைக்கும்படி மற்ற இனங்கள் நோய் ஏற்றிவிட்டன. போரில் அவர்களை அடக்க வேறு வழியில்லையாம். அதற்கு மருந்து அங்கே இருக்கிறது, ஆனால் எதிரியின் கையில். அதை அழிக்க வேண்டும் என்று நாம் சொன்னதும், நம்மோடு வந்த க்ரோகன் வீரன் ரெக்ஸ் துப்பாக்கியை நம் பக்கம் திருப்புகிறான். அவன் கேட்பதில் என்ன தப்பு? எனக்குப் பதில் தெரியவில்லை. சிறிது நேரத்தில் இன்னொரு சோதனை: கூட வந்த ஆஷ்லி, கைடன் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். அங்கே நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. பேரன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீதான் தளபதி" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று இன்பாக்ஸில் கேட்ட மாணவிகளுக்கு: அமெரிக்கத் தர வாரியம் 17 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தியிருக்கிறது. அது சரி என்றே எனக்கும் படுகிறது. என் பேரன் கல்லூரியில் படிக்கிறான். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு வேண்டாம். பெரிய பிள்ளை என்றால் விர்மைர் வரும் நாளில் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஏற்கெனவே ஆடியவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நொவேரியாவில் கண்ணாடித் தொட்டிக்குள் அடைபட்டிருக்கும் ராக்னி ராணி, அந்த இனத்தில் மிஞ்சிய கடைசி ராணி. அவளை விட்டீர்களா, கொன்றீர்களா? நான் விட்டுவிட்டேன். பேரன் கொன்றுவிட்டான். வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.