ஓய்வும் பயிற்சிதான்



தினமும் காலையில் மலைக்கோட்டைப் பக்கம் ஓடுகிற சாரைக் கொஞ்ச நாளாகக் காணோமே என்று பலர் கேட்டீர்கள். வலது முட்டியின் வெளிப்பக்கம் வலி. இரண்டு கிலோமீட்டர் தாண்டினால் ஊசி குத்துவது போல இருக்கும். தைலம் தேய்த்தேன், முட்டிக்கு உறை போட்டேன், புது ஷூ வாங்கினேன், வலி மாத்திரை போட்டேன். ஓட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. இப்படியே நாலு மாதம்.

கடைசியில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண்ணிடம் போனேன். இப்போது பிசியோதெரபிஸ்ட். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. "சார், முட்டி மேல தப்பே இல்ல. இடுப்பு வேலை செய்யல, முட்டி அடி வாங்குது" என்றாள். கடைசி பெஞ்சுக்காரன் செய்த சேட்டைக்கு முன் பெஞ்சுக்காரனை அடித்த கதைதான்!

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. வயிறு, கீழ்முதுகு, இடுப்பு, பிட்டத் தசைகள் அதைத் தாங்கவில்லை என்றால் சுமை முட்டிக்குப் போகிறது. ஆறு வாரம் ஓடக்கூடாது என்றாள். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது, முழங்கையை ஊன்றி பிளாங்க். முதல் நாள் பிளாங்க்கில் 15 விநாடிகூட நிற்க முடியவில்லை. பேரன் சிரித்தான். ஆறு வாரம் கழித்து ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினேன். இப்போது மூன்று கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடுகிறேன்.

2021-இல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியனை எல்லோருக்கும் தெரியும். 2004-இல் நடந்த விபத்தில் முட்டியில் பலத்த அடிபட்டவர். அதிலிருந்து மீண்டு, 21 கிலோமீட்டர் ஓட்டங்களை நூற்றுக்கு மேல் முடித்திருக்கிறார். காயத்தோடு ஓட்டம் முடிந்துவிடுவதில்லை. ஆனால் காயம் ஆறக் காலம் கொடுக்க வேண்டும்.

இதை எழுதக் காரணம் வேறு. பல வருடங்களுக்கு முன் விளையாட்டுப் போட்டி சமயத்தில் ஒரு மாணவன், "சார், முன்னங்கால் எலும்பு வலிக்குது" என்றான். "ஓடு, ஓடினா சரியாயிடும்" என்று அதட்டினேன். ஓடினான். அதோடு அவன் மைதானத்துக்கு வருவதே நின்றுபோனது. தம்பி, இதைப் படித்தால் மன்னித்துவிடு. வலி என்று சொன்னவனைச் சோம்பேறி என்று நினைத்தது என் தப்பு.

இன்று உங்கள் பிள்ளைகள் காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடுகிறார்கள். தேதி நெருங்க நெருங்க வலியை மறைக்கிறார்கள். மறைக்க விடாதீர்கள். எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலிக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஒரு தேர்வு போனால் அடுத்தது வரும். கால் அப்படியில்லை.

"ஓய்வு எடுத்தால் பின்தங்கிடுவோம்" என்று பிள்ளை சொன்னால் என் வீட்டுக்கு அனுப்புங்கள். நானும் அவனும் சேர்ந்து பிளாங்க் போடுகிறோம். இப்போது ஒரு நிமிடம் நிற்கிறேன்!