வெளிச்சம் எங்கே விழுகிறது?



கார்த்திகை பிறந்துவிட்டால் சென்னையில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போதே இருட்டு. கூடவே மழையும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்தப் பருவத்தில் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள் பலவும் ஒரே கேள்வியோடுதான் வருகின்றன: "சார், ஹெட்லைட் பத்தவே மாட்டேங்குது. என்ன பல்பு போடலாம்?" இந்த மாதம் அதற்குத்தான் இந்தப் பக்கம். கடிதம் எழுதியவர்களில் சிலருக்கு என் பதில் ஏமாற்றமாக இருக்கலாம். பல்பின் பெயரைச் சொல்வதற்கு முன் நிறைய பேச வேண்டியிருக்கிறது.

வெளிச்சம் போதவில்லை என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடக்கிறது. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி என்று வையுங்கள். அதிலேயே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் ஒரு 25 மீட்டர். ஆக, 50 மீட்டர் தூரத்தில் கிடப்பதைப் பார்த்தால்தான் தப்பிக்க முடியும். 80-ல் போனால் இது 75 மீட்டரைத் தாண்டும். ஈரச் சாலையில் அதற்கும் மேல். டெல்டாவில் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை மறித்து நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். நெல்லை அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் கரும்பு டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் நிற்கும். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை, நடுச்சாலையில் படுத்து அசைபோடும் மாடு எல்லாம் இந்த 50 மீட்டருக்குள் திடீரென்று முளைப்பவைதாம்.

ஆனால் பல வண்டிகளில் சிக்கல் வெளிச்சம் குறைவாக இருப்பதில் இல்லை. இருக்கிற வெளிச்சம் தப்பான இடத்தில் விழுவதில்தான். சிலருடைய டிம் லைட் முன்சக்கரத்துக்கு நாலு அடி முன்னால் தார் போடுகிறவனுக்குக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டிருக்கும். சிலருடையது எதிரே வரும் பஸ்ஸின் கண்ணாடியைத் துழாவும். இரண்டு பேருமே "பல்பு சரியில்லை" என்றுதான் சொல்வார்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு சுவரும் சமதரையும் போதும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக எவ்வளவு பாரத்தோடு ஓட்டுவீர்களோ அவ்வளவு பாரத்தோடு வண்டியில் உட்காருங்கள். ஸ்டாண்டு போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் மையம் எவ்வளவு உயரமோ, அந்த உயரத்தில் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு. இப்போது டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே 10 முதல் 15 சென்டிமீட்டரில் விழ வேண்டும். கணக்கு எளிது. ஹெட்லைட் 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, விளிம்பு 10 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இறங்கினால், அது தரையைத் தொடுவது சுமார் 57 மீட்டரில். 60-ல் போகிறவருக்குத் தேவையான தூரம் அதுதான். 30 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 28 மீட்டரோடு உங்கள் உலகம் முடிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்துப் பல்பு மாற்றினாலும் அந்த 28 மீட்டர்தான் இன்னும் பளபளவென்று தெரியும்.

பெரும்பாலான வண்டிகளில் டூமுக்கு, அதாவது ஹெட்லைட் கூட்டுக்கு, கீழேயோ பக்கத்திலோ இதற்கென்றே ஒரு திருகு இருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. சர்வீஸ் விட்டு எடுக்கும்போது பெரும்பாலும் யாரும் இதைத் தொடுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

பின்னால் ஆள் ஏறும்போது என்ன ஆகிறது என்பதையும் அதே சுவரில் பாருங்கள். வண்டியின் பின்பக்கம் வெறும் 3 சென்டிமீட்டர் அமுங்கினால் போதும், 10 மீட்டரில் வெளிச்சம் ஒரு சாண் ஏறிவிடும். கோட்டுக்குக் கீழே இருந்த விளிம்பு கோட்டுக்கு மேலே போய்விட்டது. அதாவது, மனைவியையும் சாமான் பையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறவர் டிம்மிலேயே எதிரில் வருகிறவரின் கண்ணைக் குத்திக்கொண்டு போகிறார். அவருக்கே அது தெரியாது. பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இரண்டு படி ஏற்றி வைத்தால் இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

அடுத்தது கரண்ட். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். ஹாலோஜன் பல்பு வோல்ட்டேஜுக்கு மிகவும் கூச்சப்படும் சாதனம். வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் பல மடங்கு வேகத்தில் குறையும். 13.2 வோல்ட்டில் முழு வெளிச்சம் தரும் பல்புக்கு 12 வோல்ட் மட்டுமே போய்ச் சேர்ந்தால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் போய்விடும். 11 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பேட்டரியில் சரியாக இருக்கிற வோல்ட் பல்புக்கு ஏன் வந்து சேர்வதில்லை? பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச், அங்கிருந்து கைப்பிடி சுவிட்ச், அங்கிருந்து டிம்-பிரைட் சுவிட்ச், அப்புறம் துருப்பிடித்த கப்ளர், கடைசியில் கருகின ஹோல்டர் என்று மெல்லிய ஒயரில் ஊரைச் சுற்றி வருகிறது கரண்ட். ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் கொஞ்சம் கழிகிறது. போதாததற்கு எர்த் ஒயரின் நட்டு தளர்ந்திருக்கும்.

மல்டிமீட்டர் இருக்கிற எந்த எலக்ட்ரீஷியனும் ஐந்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். பேட்டரி முனையில் ஒரு அளவு, பல்பு ஹோல்டரில் ஒரு அளவு. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். மருந்து, ரிலே போடுவது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடிமனான ஒயர் ஒன்று ரிலே வழியாக நேரே பல்புக்கு. பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். 60 வாட் பல்பின் 5 ஆம்பியரை அந்தச் சின்ன சுவிட்ச் சுமக்க வேண்டியதில்லை. பழைய புல்லட்டில் இதைச் செய்து பார்த்தவர்கள் பல்பே மாற்றியதுபோல் இருக்கிறது என்பார்கள். மிகைப்படுத்தல் இல்லை.

பழைய 100 சிசி வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை, காயிலிலிருந்து நேரடியாக எரிகிறது. முறுக்கினால் பிரகாசம், ஆக்சிலேட்டரை விட்டால் மங்கல். வேகத்தடைக்கு மெதுவாக்கும்போது, வெளிச்சம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் விளக்கு செத்துப்போகும். இரண்டாவது கியரில் முறுக்கிக்கொண்டே குண்டும் குழியும் தாண்டிய தலைமுறைக்கு இது பழக்கம். இதைப் பேட்டரி லைனுக்கு மாற்றலாம். ஆனால் காயில் பிளேட்டில் வேலை, அதற்கேற்ற ரெக்டிஃபையர், தாக்குப்பிடிக்கிற பேட்டரி எல்லாம் சேர்ந்துதான் மாற வேண்டும். ஒயரை மட்டும் பேட்டரியில் மாட்டிக் கொடுப்பவரிடம் வண்டியை விட்டால் நாலாம் நாள் ஸ்டார்ட் ஆகாது. 2017 ஏப்ரல் முதல் இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட்டும் எரியும் ஏற்பாடு கட்டாயமானது. பகலிலும் எரியும் விளக்கின் சுமையை ஒயரும் ஹோல்டரும் சுமக்கின்றன என்பதால், அதற்குப் பிறகு வாங்கிய வண்டி என்றாலும் ஹோல்டரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

இப்போது பல்புக்கு வருவோம். 60/55 வாட் எச்4 பல்பு 1971-ல் வந்தது. இன்றும் நல்ல டூமில், முழு வோல்ட்டில் அது எரிந்தால் நம் ஊர்ச் சாலைக்குப் போதும் என்பது என் கட்சி. 35 வாட் எச்எஸ்1 பல்பு போட்ட டூமில் எச்4-ஐ நுழைக்க அதன் காதை ராவிக் கொடுக்கும் கடைகள் உண்டு. 100/90 வாட் பல்பை மாட்டிவிடுவோரும் உண்டு. பத்து நாள் அமர்க்களமாக இருக்கும். பிறகு ஹோல்டர் உருகும், டூமின் உள்பூச்சு கருகும், பூச்சு போனதும் எந்தப் பல்பும் அங்கே எடுபடாது. ஏற்கெனவே பூச்சு மங்கியோ, முன் பிளாஸ்டிக் மஞ்சளித்தோ இருந்தால் பல்புக்குக் கொடுக்கும் காசைப் புது டூமுக்குக் கொடுங்கள். ஹாலோஜன் பல்பை மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் படிந்த இடத்தில் சூடு ஏறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.

எல்இடி விஷயத்தில்தான் எனக்குக் கோபக் கடிதங்கள் வரும், தெரியும். கம்பெனியே எல்இடி வைத்துக் கொடுத்த வண்டிகளை நான் குறை சொல்லவில்லை. அங்கே டூமும் விளக்கும் ஒன்றுக்கொன்று அளந்து செய்தவை. கரண்டும் குறைவாக எடுக்கும். நான் சொல்வது, ஹாலோஜன் டூமில் கொண்டுபோய்ச் சொருகும் எல்இடி பல்பை. எச்4-க்குள் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் டூமின் கீழ்ப்பாதிக்குப் போகாமல் அது மறைக்கும். அதனால்தான் டிம்மில் மேலே விளிம்பு விழுகிறது. இழை எங்கே, எவ்வளவு நீளம் என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துத்தான் டூமின் வளைவைச் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள் வந்து உட்கார்ந்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும். ஓட்டுகிறவருக்குச் சாலை முழுக்க வெள்ளையாகத் தெரிவதால் திருப்தி. தூரத்தில் விழ வேண்டிய வெளிச்சம் பக்கத்திலும், மரக்கிளையிலும், எதிராளி கண்ணிலும் விழுகிறது. மாட்டியவர்கள் அதே சாக்பீஸ் கோட்டில் போய்ப் பாருங்கள், விளிம்பு கூர்மையாக விழுகிறதா என்று. விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கழற்றுங்கள். ஆன்லைனில் வெளிநாட்டு டூம் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். நம் டிம்மில் வெளிச்சம் இடது ஓரத்தில் ஏறி, வலதில் தாழ்ந்திருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த டூமில் இது தலைகீழ்.

கிராஷ் கார்டில் மாட்டும் கூடுதல் விளக்குகள்? மலைப்பாதையிலும் பனியிலும் அவற்றுக்கு வேலை உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஹெட்லைட் பள்ளத்தாக்கைக் காட்டும், சாலை பக்கத்தில் திரும்பிப் போயிருக்கும். அங்கே அகலமாக விழும் விளக்கு கை கொடுக்கும். ஆனால் தனி சுவிட்ச் வேண்டும், தாழ்த்தி மாட்ட வேண்டும், எதிரே ஆள் தெரிந்தால் அணைக்க வேண்டும். ஊருக்குள் அதைப் போட்டுக்கொண்டு வருகிறவரைப் போலீஸ் பிடித்தால் எனக்கு வருத்தமில்லை. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி அளவே சொல்லியிருக்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. நான்குவழிச் சாலையின் நடுவே அரளி வளர்ப்பதற்கு எதிர் வெளிச்சத்தை மறைப்பதும் ஒரு காரணம். நம் ஊர்ச் சாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அரளி இல்லை.

மழையில் எல்லா விளக்கும் தோற்கும். ஈரத் தார் கண்ணாடிபோல் வெளிச்சத்தை முன்னாலேயே தள்ளிவிடுவதால் நம் கண்ணுக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான். மஞ்சள் விளக்கு மேலா என்பது நெடுநாள் விவாதம். பிரான்சில் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்டே சட்டம். நீலம் கலந்த வெள்ளையைவிட ஹாலோஜன் நிறம் மழையில் கண்ணுக்கு இதம் என்பது என் அனுபவம். அதைவிட முக்கியம் ஹெல்மெட் வைசர். கீறல் விழுந்த வைசரில் ஒவ்வொரு எதிர் விளக்கும் நட்சத்திரமாக வெடிக்கும். கறுப்பு வைசரோடு இரவில் ஓட்டுகிறவரிடம் பல்பைப் பற்றிப் பேச எதுவுமில்லை. வயது ஏற ஏற கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படும், கூச்சத்திலிருந்து மீள அதிக நேரமும் ஆகும். நாற்பதைத் தாண்டியவர்கள் மெக்கானிக்கிடம் போவதற்கு முன் கண் மருத்துவரிடம் போய் வாருங்கள்.

ஆக, கையில் ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவருக்கு என் வரிசை இது: திருகு, வைசர், எர்த் ஒயர், ரிலே, அதற்கப்புறம்தான் பல்பு. இந்த வாரமே சாக்பீஸை எடுங்கள். வண்டியின் மாடல், வாங்கிய ஆண்டு, பேட்டரியிலும் ஹோல்டரிலும் கிடைத்த வோல்ட், சுவரில் விழுந்த விளிம்பு கோட்டுக்கு எவ்வளவு கீழே என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள், படம் இருந்தால் அதையும். அடுத்த இதழில் வண்டி வாரியாகத் தொகுத்து, எந்த வண்டிக்கு எது வேலை செய்தது என்று வெளியிடுகிறோம். கடிதங்கள் மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்